குளுவாங்கில் ஓர் அறை

கடந்த பள்ளி விடுமுறையில் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் நகருக்குப் போய் நான்கு நாள் தங்கிவிட்டு வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் அக்காவைப் பார்க்கத்தான் போனேன். ஆனாலும் அங்கே கண்ட ஒன்றைப் பற்றி வாசகர்களிடம் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. அது மலையுமல்ல, கோவிலுமல்ல. ஒன்பதடி நீளமும் எட்டடி அகலமும் உள்ள ஓர் அறை.

கோலாலம்பூரில் இரயில் ஏறினேன். முன்பெல்லாம் ஜொகூர்ப் பக்கம் இரயிலில் போவதென்றால் பொழுது முழுவதும் அதிலேயே போய்விடும். 2025ஆம் ஆண்டில் மின்சார இரயில் குளுவாங்கிற்கு வந்துவிட்டது; அந்த ஆண்டு இறுதிக்குள் ஜொகூர் பாருவையும் எட்டிவிட்டது. கெமாஸ் தாண்டியதும் சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சன்னலுக்கு வெளியே செம்பனை, செம்பனை, மீண்டும் செம்பனை. என் சிறுவயதில் இதே பாதையில் பால்மரங்கள் வரிசை பிடித்து நின்றன. அந்த வரிசைகளுக்கு நடுவே எங்கோ ஒரு லயத்தில்தான் என் அக்கா வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

குளுவாங் என்பது மலாய் மொழியில் பழந்தின்னி வௌவாலின் பெயர். ஊருக்குக் காவல் போல லம்பாக் மலை நிற்கிறது. 1938இல் தொடங்கிய இரயில் நிலையக் காப்பிக்கடையின் பெயரைச் சொன்னால் நாடு முழுவதும் தெரியும். தணலில் வாட்டிய ரொட்டியில் வெண்ணெயும் காயாவும் தடவிக் கொடுப்பார்கள். அத்தான் என்னை அழைத்துப் போக மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். காப்பி குடிக்கும்போதே, "இந்தத் தடவை நீங்க ஹால்ல படுக்க வேணாம் மச்சான், உங்களுக்கு ரூம் இருக்கு" என்றார். அவர் முகத்தில் ஒரு பெருமிதம் தெரிந்தது.

அஞ்சடியில் படுத்த விருந்தாளி

அக்கா வீட்டுக்கு நான் பல முறை போயிருக்கிறேன். முதலில் அவர்கள் இருந்தது தோட்டத்து லய வீடு. முன்னே அஞ்சடி, உள்ளே ஓர் அறை, பின்னே குசினி. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்ச வசதிகள் இருந்தாக வேண்டுமென்று 1966இல் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990இல் இன்னொரு சட்டம் வந்தது. தண்ணீர், விளக்கு, கழிவறை எல்லாம் சட்டத்தின் கணக்கில் வந்தன. விருந்தாளி எங்கே படுப்பது என்பதைச் சட்டம் எப்படிச் சொல்ல முடியும்? அதை நம் பெண்கள்தான் தீர்த்து வைத்தார்கள். விருந்தாளிக்குப் பாயும் நல்ல தலையணையும் கொடுத்துவிட்டு, வீட்டு ஆண்கள் அஞ்சடிக்குப் போனார்கள். விருந்தாளி ஆணாக இருந்தால் அவருக்கும் அஞ்சடிதான். கொசுவர்த்தி ஒன்று கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே.

பிறகு தோட்டம் கைமாறியது. அக்கா குடும்பம் பட்டணத்துக்கு வந்து, கைக்கெட்டிய விலையில் தாமான் வீடு ஒன்றை வாங்கியது. மலிவு வீடுகளுக்கு மூன்று படுக்கையறை என்னும் அளவு 1998இல் வகுக்கப்பட்டதே, அந்த அளவில் கட்டிய வீடு. ஆக, மூன்றாவது அறை ஒன்று கிடைத்தது. அது என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? உங்கள் வீட்டில் என்ன ஆயிற்றோ அதுதான் ஆயிற்று. ஸ்டோர் ரூம் ஆயிற்று.

ஓடாத காற்றாடி இரண்டு, சக்கரமில்லாத சைக்கிள், தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் முறுக்கு உழக்கு, பெரிய அண்டா, பிள்ளைகளின் ஆறு வருடப் பாடப்புத்தகங்கள், "பின்னாடி உதவும்" என்று எடுத்து வைத்த மரச்சட்டங்கள், காலி பிஸ்கட் டின்கள். கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து ஏதாவது ஒன்று காலில் விழும். அந்த அறைக்கும் சேர்த்துத்தான் அக்கா மாதந்தோறும் வங்கிக்குத் தவணை கட்டி வந்தாள்.

பெரியப்பா திரும்பிப் போன கதை

அறை மாறியதற்குக் காரணம் இரண்டு பேர். முதலாமவர் அத்தானின் பெரியப்பா. பாலோவிற்கு உள்ளே ஒரு தோட்டத்தில் மகனோடு இருக்கிறார். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். அறுவைக்குப் பிறகு குறிப்பிட்ட நாட்களில் வந்து காட்ட வேண்டும் என்றும், பிறகு மறுகண்ணையும் பார்க்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். தோட்டத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டால் நேரத்துக்கு வர முடியாது. ஆகவே முதல் நாளே அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார்.

படுக்கை ஹாலில். இரவு பதினொன்று வரை தொலைக்காட்சி. நாலரை மணிக்குச் சிங்கப்பூர் வேலைக்குப் போகும் பெரிய பையன் விளக்கைப் போடுவான். தரையில் விரித்த மெத்தையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் பெரியவர் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு எழுவார். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு படுத்திருப்பவரைத் தாண்டித்தான் எல்லோரும் குசினிக்குப் போக வேண்டும். யாரும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியாதா? மூன்றாம் முறை வரவேண்டிய நாளில் அவர் வரவில்லை. போன் செய்தால், "எனக்கு ஒண்ணுமில்லம்மா, கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றார். அதற்கடுத்த முறையும் வரவில்லை. மறுகண் பாதி மறைத்தபடியே ஒரு வருடம் போயிற்று.

"இடமில்லாததாலதான் அவர் வரலன்னு எனக்குப் புரிய அவ்வளவு நாளாச்சு" என்று அக்கா சொன்னாள். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவது ஆள் அக்கா மகள். கணக்கியல் படித்தவள். இரண்டு மளிகைக் கடைகளுக்கும் ஒரு தையல் கடைக்கும் வீட்டிலிருந்தே கணக்கெழுதுகிறாள். சாப்பாட்டு மேசைதான் அவளுடைய ஆபிஸ். ஒரு நாள் கடைக்காரரின் மூன்று மாத ரசீதுகள் மீது ரசம் கொட்டிவிட்டது. ஒவ்வொன்றாக உலர்த்தி, எழுத்து அழிந்தவற்றைக் கடைக்காரரிடமே கேட்டுக் கேட்டு எழுதினாள். "இன்னொரு தடவை இப்படி ஆனா அவங்க வேற ஆள் பார்த்துக்குவாங்க மாமா" என்றாள். மாதாமாதம் வரும் அந்தப் பணத்தில்தான் தம்பியின் படிப்புச் செலவு நடக்கிறது.

ஒருவருக்குப் படுக்க இடமில்லை. ஒருவருக்கு உட்கார்ந்து எழுத இடமில்லை. இரண்டுக்கும் நடுவே, பூட்டிய கதவுக்குள், சக்கரமில்லாத சைக்கிள் சுகமாகப் படுத்திருந்தது!

எப்படிச் செய்தார்கள்?

முதல் வேலை காலி செய்தது. இதுதான் மிகக் கடினம் என்கிறாள் அக்கா. எல்லாவற்றையும் வெளியே எடுத்து மூன்று குவியலாகப் பிரித்தார்கள்: வைத்துக்கொள்வது, கொடுத்துவிடுவது, போடுவது. இரண்டு வருடமாகத் தொடாத பொருள் முதல் குவியலுக்குப் போகக்கூடாது என்பது மகள் போட்ட விதி. அண்டாவும் முறுக்கு உழக்கும் மட்டும் அந்த விதியிலிருந்து தப்பின. "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு லோரி வருமே, அதை நிறுத்திப் பழைய தாள்களையும் இரும்பையும் போட்டதில் 43 வெள்ளி கிடைத்தது.

காலியான பிறகுதான் சுவரில் ஈரம் ஏறியிருப்பது தெரிந்தது. வெளியே கூரைத் தண்ணீர் போகும் தகரக்குழாய் அடைத்திருந்தது. அதை முதலில் சரிசெய்து, சுவரைச் சுரண்டி, இரண்டு வாரம் சன்னலைத் திறந்து காயவிட்ட பிறகே சாயம் பூசினார் அத்தான். ஈரச் சுவரில் பூசினால் சாயம் உரிந்துவிடும். வெளிர் நிறமாகப் பூசினால் சின்ன அறை வெளிச்சமாகத் தெரியும்.

அடுத்தது கட்டில். கடையில் விற்கும் மடக்குக் கட்டிலையும், சோபாவாக மடங்கும் கட்டிலையும் பார்த்தார்கள். நல்லது விலை அதிகம். மலிவானது நடுவில் குழிந்து முதுகை வாங்கும். ஆகவே எடுத்து வைத்திருந்த மரச்சட்டங்களோடு புதுப்பலகை வாங்கிச் சேர்த்து, ஆறடி நீளம் இரண்டரையடி அகலத்தில், சுவரை ஒட்டி ஒரு பலகைக் கட்டில் அடித்தார் அத்தான். மெத்தையோடு சேர்த்து உயரம் 18 அங்குலம். இந்த உயரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. உட்கார்ந்தால் பாதம் தரையில் நன்றாகப் பதியும். முட்டி வலிக்காரர் கையூன்றி எழுந்துவிடலாம். பகலில் அதுவே பெஞ்சு. அடியில் பிளாஸ்டிக் பெட்டிகள் மூன்று: ஒன்றில் விருந்தாளிக்கான போர்வை, தலையணை உறை, துண்டு, மற்ற இரண்டில் பண்டிகைச் சாமான்.

எதிர்ச்சுவரில் மேசை. பக்கத்து வீட்டில் வீட்டைப் பெரிதாக்கியபோது கழற்றிப் போட்ட மரக்கதவைக் கேட்டு வாங்கினார்கள். அதை நாலடிக்கு அறுத்து, இழைத்து, மடங்கும் இரும்புத் தாங்கிகளில் 29 அங்குல உயரத்தில் சுவரோடு பொருத்தினார்கள். விருந்தாளி வந்தால் மேசையைக் கீழே மடக்கிவிடலாம். நடக்க இடம் கிடைக்கும். எழுதும்போது சன்னல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. வலக்கைக்காரருக்கு அப்படி இருந்தால்தான் கை நிழல் எழுத்தின் மேல் விழாது.

மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. சிரிம் முத்திரை உள்ள நீட்டிப்பு வயராகப் பார்த்து வாங்கினார்கள். மடிக்கணினி, விளக்கு, கைப்பேசி ஆகியவற்றுக்கு மட்டுமே அது. சுடுநீர்க் கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் அதில் மாட்டக்கூடாது. வயரைப் பாய்க்கு அடியில் ஓடவிடாமல் சுவரோரமாகக் கிளிப் அடித்திருக்கிறார்கள். பெரியவர் கால் தட்டி விழுந்துவிடக்கூடாதல்லவா?

அக்காவின் நோட்டுப் புத்தகத்தில் இருந்த கணக்கை அப்படியே தருகிறேன். பலகையும் ஆணியும் 120 வெள்ளி. மூன்றங்குல மெத்தை 95. சாயம் 60. தாங்கியும் கீலும் 28. மேசை விளக்கு 25. பெட்டிகள் 36. திரைத்துணி 30. நீட்டிப்பு வயர் 35. பழைய தளவாடக் கடையில் வாங்கிய நாற்காலி 40. மொத்தம் 469 வெள்ளி. பழைய சாமான் விற்ற 43 வெள்ளியைக் கழித்தால் கைச்செலவு 426. ஒரே மாதத்தில் செய்யவில்லை. முதல் மாதம் சாயம், அடுத்த மாதம் கட்டில், அதற்கடுத்து மற்றவை என்று நான்கு மாதத்தில் முடித்தார்கள். கடன் ஒரு காசு இல்லை. ஊருக்கு ஊர் விலை மாறலாம். அத்தானைப் போல் மரவேலை தெரிந்தவர் இல்லாத வீட்டில் கூலியும் சேரும்.

புதுமையல்ல, பழமைதான்

"ஒரே ரூம்ல ஆபிசும் படுக்கையுமா, இது எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று அத்தானைச் சீண்டினேன். "செட்டியார்கள் செய்யாததையா செஞ்சுட்டோம்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

உண்மைதான். பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு சிறிய மேசை, ஒரு மரப்பெட்டி. பகலெல்லாம் தரையில் அமர்ந்து அங்கேயே வட்டிக்கணக்கு. இரவில் அதே இடத்தில் பாய் விரித்துத் தூக்கம். ஊரிலிருந்து புதிதாக வருகிறவருக்கும் அங்கேதான் இடம். மலாயா முழுவதும் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களின் ஆபிஸ் அவ்வளவுதான். நகரச் சீரமைப்பில் அந்தக் கட்டடங்கள் மறைந்துவிட்டன. தமிழ்நாட்டு வீட்டுத் திண்ணையும் அப்படித்தானே? பகலில் பிள்ளைகள் மணலில் எழுதினார்கள், கணக்குப்பிள்ளை ஏடு பார்த்தார். இரவில் வழிப்போக்கர் தலைசாய்த்தார்.

நாம் மட்டுமல்ல. ஜப்பானியர் மெத்தையைக் காலையில் மடித்துச் சுவரலமாரியில் வைத்துவிட்டு, அதே அறையில் நாளைக் கழிக்கிறார்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒற்றை அறையில் குடியிருந்த வில்லியம் மர்பி என்பவர், சுவரோடு நிமிர்த்தி வைக்கும் கட்டிலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்து புகழ்பெற்றார். இடம் குறைந்தவர்கள் எங்கே இருந்தாலும் யோசனை ஒன்றாகத்தான் போகிறது.

காகிதத்துக்கும் ஓர் இடம்

அறையில் எனக்கு மிகவும் பிடித்தது கட்டிலுமல்ல, மேசையுமல்ல. மேசைக்கு மேலே, தலைக்கும் உயரத்தில் அடித்திருக்கும் ஒரு பலகை. அதில் மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. உள்ளே பிறப்புப் பத்திரங்கள், திருமணப் பத்திரம், வீட்டுப் பத்திரம், சேமநிதி, சொக்சோ தாள்கள். எல்லாம் தனித்தனி உறையில், மேலே பெயர் எழுதி. படமெடுத்துக் கைப்பேசியிலும் வைத்திருக்கிறாள் மருமகள்.

ஏன் அவ்வளவு உயரத்தில்? 2023 மார்ச் மாதத்தில் ஜொகூரில் வெள்ளம் வந்ததே, சிகாமட், குளுவாங், பத்து பகாட் என்று பல இடங்களில் மக்கள் வீட்டைவிட்டு வெளியேறினார்களே, அப்போது பெரியப்பாவின் லயத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. பத்திரங்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின்னில் இருந்தன. தண்ணீர் வடிந்தபோது டின் இருந்தது; உள்ளே கூழ் இருந்தது. ஒவ்வொரு பிரதியையும் திரும்ப வாங்க மகனுக்குப் பல நாள் கூலி போயிற்று.

நம் ஆட்களுக்குக் காகிதம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பெரியப்பா தலைமுறை அறியும். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்றார்கள். அப்போது அவர் இளைஞர். பக்கத்து லயத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள், தாள் சரியாக இல்லை என்பதற்காகவே பெட்டி கட்டிக் கப்பலேறியதைக் கண்ணால் பார்த்தவர். "நம்மகிட்ட வீடு இருந்துச்சு, வேலை இருந்துச்சு. பேப்பர்தான் இல்ல" என்பார்.

இப்போது மாலையில் தாமானில் இருக்கும் நம்மவர்கள் சிலர் பாரத்தை எடுத்துக்கொண்டு மருமகளிடம் வருகிறார்கள். சேமநிதிக் கணக்கைக் கைப்பேசியில் திறக்கத் தெரியாதவர், பள்ளிக்கூட உதவிப்பணப் பாரம் புரியாதவர், இப்படி. கட்டில் பெஞ்சில் உட்காரவைத்து நிரப்பிக் கொடுக்கிறாள். காசு வாங்குவதில்லை.

நான் இருந்த மூன்றாம் நாள் பெரியப்பா வந்தார். மறுகண்ணையும் எடுத்துவிட்டார்கள், அடுத்த நாள் காட்ட வேண்டிய முறை. அவர் வருகிறார் என்றதும் நான் அறையைக் காலி செய்துகொண்டு ஹாலுக்குப் போனேன். மருமகள் மடிக்கணினியையும் கடைக் கணக்கையும் பூட்டுப்பெட்டியில் வைத்து, படுக்கை விரித்து, தண்ணீர்ச் சொம்பு வைத்தாள். பத்து நிமிடம் ஆகவில்லை. விருந்தாளி இருக்கும் நாட்களில் காலை பத்து மணிக்குப் பிறகுதான் அவள் அங்கே வேலை செய்வாள் என்பது வீட்டில் பேசி வைத்த ஏற்பாடு. அவசர வேலை வந்தால் பழைய சாப்பாட்டு மேசைதான். அந்தக் குறை இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

மேசையை மடக்குமுன் பெரியப்பா அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மேசைப் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"முப்பத்தெட்டு வருஷம் பால்மரம் வெட்டினேன் தம்பி. சம்பள நாள்ல ஆபிஸ் சன்னலுக்கு வெளியே நின்னு கைய நீட்டி வாங்குவோம். கிராணி உள்ளே உட்கார்ந்திருப்பாரு. ஒரு நாள்கூட நான் உள்ளே போனதில்ல" என்றார்.

மருமகள் சிரித்துக்கொண்டே, "இப்ப உள்ளேதான் தாத்தா இருக்கீங்க" என்றாள்.

அன்றிரவு அவர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். நாலரை மணிக்குப் பையன் விளக்கைப் போட்டபோது விழித்தவன் நான்தான். பெரியவர் ஏழு மணிக்கு எழுந்து வந்து, "நேரம் தெரியாம தூங்கிட்டேனே" என்று வெட்கப்பட்டார். அக்கா காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

வாசகர்களே! உங்கள் வீட்டிலும் பூட்டிக்கிடக்கும் அறை ஒன்று இருக்கலாம். அறை இல்லாவிட்டால் ஒரு மூலை இருக்கலாம். தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள், உயரத்தில் ஒரு பலகையும் மூடியுள்ள ஒரு பெட்டியுமாவது இந்த வாரமே வைத்துவிடலாம். அதற்கு ஐம்பது வெள்ளிகூட ஆகாது. பிறகு அந்தக் கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் சாமானால் உங்கள் வீட்டுக்கு வராமல் போனவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஒரு போன் செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.